பெயின்ட் கடைசியில்: 14 வயது இண்டிகா ஒன்று எஃப்.சி.க்குப் போன விவரம்

புரட்டாசி மூன்றாம் சனிக்கு மறுநாள் காலை அந்த வண்டி பட்டறைக்கு வந்தது. 2010-ல் பதிவான டாடா இண்டிகா வி2, டீசல், மஞ்சள் போர்டு. ஓட்டுபவர்தான் உரிமையாளர், அறுபதை ஒட்டிய வயது. பழனி அடிவாரத்தில் ஸ்டாண்டில் போட்டு ஓட்டுகிறார். பாதி சவாரி ஊருக்குள்ளே, மீதி கொடைக்கானல் மலை. எஃப்.சி., அதாவது தகுதிச் சான்று, 2024 நவம்பர் 14-ம் தேதியோடு முடிகிறது. அதற்கு இரண்டு நாள் கழித்துக் கார்த்திகை பிறக்கிறது. ஐயப்ப சாமிகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்கத் தொடங்கினால் தை வரைக்கும் ஸ்டாண்டில் வண்டி நிற்காது. அவருடைய வருஷ வருமானத்தில் பெரும்பங்கு அந்த நாட்களில் வருவதுதான்.

"தம்பி, போன வருஷம் மாதிரியே ஒரு பெயின்ட் அடிச்சு, லைட்டெல்லாம் பாத்துக் குடுத்துடு. பத்து நாள் போதும்ல?"

"சாவியக் குடுங்கண்ணே. மொதல்ல ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறேன். பெயின்ட்டப் பத்தி அப்புறம் பேசுவோம்."

இந்த ஒரு வண்டியின் வேலையை முதலிலிருந்து கடைசி வரை எழுதக் காரணம் இருக்கிறது. எங்கள் பக்கம் 'எஃப்.சி. வேலை' என்றாலே டிங்கர், பட்டி, பெயின்ட் என்று ஆகிவிட்டது. வண்டி பளபளவென்று இருந்தால் பாதி பாஸ் என்ற எண்ணம் டிரைவர்களிடமும் இருக்கிறது, பட்டறைக்காரர்களிடமும் இருக்கிறது. காசு முழுக்க மேலே போய்விடுகிறது. கீழே பார்க்கும்போது கையில் ஒன்றும் இருப்பதில்லை. வயதான வண்டிக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும் என்று நான் பல வருஷமாகச் சொல்லிவருகிறேன். இந்த இண்டிகாவில் அதற்கான காரணங்கள் ஒன்றுவிடாமல் ஒரே இடத்தில் கிடைத்தன.

விதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு ஓடும் வாகனத்துக்கு முதல் 8 வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்று. 8 வருஷம் தாண்டிவிட்டால் வருஷா வருஷம் காட்ட வேண்டும். சொந்த உபயோகத்துக்கான வெள்ளை போர்டு கார்களுக்கு இந்தத் தொல்லை 15 வருஷம் கழித்துத்தான், பதிவைப் புதுப்பிக்கும்போது வரும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 56-வது பிரிவு சொல்வது கடுமையானது: தகுதிச் சான்று இல்லாத வாடகை வாகனம் செல்லுபடியாகும் பதிவு உள்ள வாகனமாகவே கருதப்படாது. அந்த நிலையில் ஒரு விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். ஒரு நாள்தானே, லேப்ஸ் ஆனால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வது.

ஓட்டிப் பார்த்தபோது

ஆயக்குடி ரோட்டில் காலியான ஒரு இடம் பார்த்து 30 கிலோமீட்டர் வேகத்தில் வைத்து, ஸ்டீயரிங்கை லேசாகப் பிடித்துக்கொண்டு பிரேக்கை அழுத்தினேன். வண்டி நின்றது. ஆனால் நிற்பதற்கு முன்னால் மூக்கு ஒரு விரற்கடை இடது பக்கம் திரும்பியது. மறுபடி செய்தேன், மறுபடியும் இடது. பெடலும் முதல் மிதியில் கொஞ்சம் ஆழமாகப் போய், இரண்டாவது மிதியில் மேலே வந்தது.

திரும்பி வந்து கேட்டேன். "அண்ணே, இடது பக்கம் இழுக்குதே, எவ்வளவு நாளா?"

"அது ரொம்ப நாளா இருக்கு தம்பி. அலைன்மென்ட் ரெண்டு தடவை பாத்தாச்சு. டயரக்கூட மாத்திப் போட்டுப் பாத்தாச்சு."

"பிரேக் ஆயில் ஊத்துறீங்களா?"

"மாசம் ஒரு சின்ன பாட்டில். பழைய வண்டில்ல, குடிக்கத்தான் செய்யும்."

அந்த வார்த்தையில் எனக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. இன்ஜின் ஆயில் எரிந்து குறையும். பிரேக் ஆயில் அப்படி எரிந்து குறைகிற பொருள் கிடையாது. மூடிய குழாய்க்குள் இருப்பது அது. பிரேக் பேடும், சக்கரத்தின் டிரம்மை உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் லைனரும் தேயத் தேய டப்பாவில் மட்டம் மெல்ல இறங்கும், அவ்வளவுதான். அதுவும் மாதக் கணக்கில் மயிரிழையாக. மாசம் ஒரு பாட்டில் என்றால் எங்கோ வெளியே போகிறது. வெளியே போகும் இடம் கண்ணில் படவில்லையென்றால் டிரம்முக்குள்தான் போக வேண்டும்.

பின் வலது டிரம்

நாலு பக்கமும் ஸ்டாண்டில் ஏற்றிச் சக்கரங்களைக் கழற்றினோம். முன்னால் டிஸ்க். பேடு தேய்ந்திருந்தது, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு. கேலிப்பர் பின்கள் கையால் தள்ளினால் நகர்ந்தன. முன்னால் பெரிய கோளாறு இல்லை. பின் இடது டிரம்மைத் தட்டி எடுத்தால் உள்ளே காய்ந்த கறுப்புத் தூசி. அது அப்படித்தான் இருக்க வேண்டும். பின் வலது டிரம் வெளியே வந்தபோது தூசி பறக்கவில்லை. களிம்பாக அப்பிக்கொண்டு வந்தது. லைனர் ஊறிப்போய், விரலால் அழுத்தினால் பிசுபிசுத்தது. பிளேட்டின் கீழ் ஓரத்தில் ஈரம் வழிந்து, டயரின் உள்பக்கம் வரை ஒரு கறை இறங்கியிருந்தது. வெளியே நின்று பார்ப்பவருக்கு அந்தக் கறை எந்நாளும் தெரியாது.

பின் வலது சக்கரம் சரியாகப் பிடிக்காததால் இடது பக்கத்துப் பிடிப்பு மட்டும் மிஞ்சி வண்டியை இடது பக்கம் இழுத்திருக்கிறது. இதற்குத்தான் இரண்டு முறை அலைன்மென்ட் பார்த்திருக்கிறார்கள்.

ஆயிலின் அழுத்தத்தால் லைனரைத் தள்ளும் வீல் சிலிண்டரைக் கழற்றி மேசையில் வைத்துப் பிரித்தேன். ரப்பர் புதிது போலவே இருந்தது, ஆனால் ஒரு ஓரத்தில் கீறல். ரப்பர் புதிதாக இருந்தும் ஏன் ஒழுகுகிறது? சிலிண்டரின் உள்சுவரைத் துணியால் துடைத்துவிட்டு நகத்தால் வருடிப் பார்த்தேன். நகம் இரண்டு இடத்தில் தட்டியது. விளக்கில் காட்டினால் கடுகை அழுத்தி எடுத்த மாதிரி சின்னச் சின்னக் குழிகள்.

போன வருஷம் வேறொரு பட்டறையில் இந்த ஒழுகலைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்டுபிடித்ததும் சிலிண்டரை மாற்றாமல் உள்ளே ரப்பர் கிட் மட்டும் போட்டு மூடியிருக்கிறார்கள். குழி விழுந்த சுவரில் புது ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? ஒவ்வொரு மிதியிலும் ரப்பர் அந்தக் குழியின் விளிம்பில் உரசி, உதடு கிழிந்து, மறுபடியும் ஒழுக ஆரம்பித்துவிட்டது. கிட் போடுவது தப்பில்லை. உள்சுவர் கண்ணாடி மாதிரி இருந்தால் தாராளமாகப் போடலாம். நகம் தட்டினால் சிலிண்டரையே மாற்றிவிட வேண்டும்.

குழி விழுந்த காரணத்தையும் சொல்ல வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணமுள்ளது. வருஷக்கணக்கில் மாற்றாமல், மேலே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால், பழைய ஆயிலில் சேர்ந்த தண்ணீர் அப்படியே உள்ளே தங்கி இரும்பை அரிக்கும். மலை ஓட்டுகிறவர்களுக்கு இதில் இன்னொரு ஆபத்து உண்டு. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஈரம் சேர்ந்தபின் அதற்கு வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு 140 டிகிரிதான். கொடைக்கானலிலிருந்து பழனிக்கு இறங்குகிற ரோட்டில் ஆள், மூட்டையோடு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம்மும் டிஸ்க்கும் எப்படிச் சுடும் என்பது அந்த ரோட்டில் ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி. ஆவி அமுங்கும், ஆயில் மாதிரி தள்ளாது. பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. இந்த வண்டியில் ஒரு வருஷமாக மனிதர்களை ஏற்றி இறக்கியிருக்கிறார் என்று நினைத்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அவரைக் கூப்பிட்டுக் குழியை நகத்தால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "செய்யிறதச் செய்யி தம்பி" என்றார்.

ஊறிப்போன லைனரைப் பெட்ரோலில் கழுவி, எமரித் தாளில் தேய்த்து மறுபடி போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். மேலே காய்ந்த மாதிரி தெரியும். சூடேறும்போது உள்ளே ஊறியது வெளியே கசியும். இரண்டு பக்கமும் புது ஷூ (லைனர் ஒட்டிய பிரேக் கட்டை), இரண்டு பக்கமும் புது சிலிண்டர் போட்டோம். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிடிப்பு சமமாகாது. டிரம் இரண்டையும் லேத்துக்கு அனுப்பி லேசாகக் கடைந்தோம். கடைவதற்கு முன் டிரம்மில் கொத்தியிருக்கும் உச்ச விட்ட அளவைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அதைத் தாண்டினால் புது டிரம்தான். பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, நாலு சக்கரத்திலும் சுத்தமான ஆயில் வரும்வரை ஏர் எடுத்தோம், அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றை வெளியேற்றினோம். முதலில் வந்தது டீத்தண்ணீர் நிறம்.

அதன்பிறகுதான் ஹேண்ட் பிரேக். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்றதும் லிவருக்குக் கீழே இருக்கும் நட்டை முறுக்கிவிடுகிறார்கள். ஷூ தேய்ந்து இடைவெளி கூடியிருப்பதைக் கேபிளால் ஈடுகட்டும் வேலை அது. முதலில் ஷூவைச் சரியாக வைத்து, சக்கரம் உரசாமல் சுற்றுகிறதா என்று பார்த்து, கடைசியில்தான் கேபிள். இந்த வண்டியில் கேபிள் உறைக்குள்ளேயே துரு ஏறி இறுகியிருந்தது, இரண்டையும் மாற்றினேன். மேடான இடத்தில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை மட்டும் இழுத்துப் பார்த்தோம். நின்றது.

புங்க மரமும் தரைத் தகடும்

டிரைவர் சீட்டுக்குக் கீழே மிதியடியைத் தூக்கினால் ஈர வாடை. மழை பெய்து நாலு நாள் ஆகியிருந்தது. கார்ப்பெட்டைக் கழற்றிவிட்டு ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தரைத் தகட்டைத் தட்டிக்கொண்டே வந்தேன். நல்ல தகடு கணீரென்று சத்தம் கொடுக்கும். ரன்னிங் போர்டை ஒட்டிய ஓரத்தில் சத்தம் சட்டென்று மாறி, மண்சுவரைத் தட்டுவது போலத் 'தொப், தொப்' என்றது. அடியில் படுத்துப் பார்த்தால் கறுப்பு அண்டர்கோட் அழகாக இருந்தது. கத்தி நுனியால் அதைச் சுரண்டினேன். அடியில் தகடு இல்லை. ஃபைபர் துணியும் பட்டியும் போட்டு மூடி, மேலே கறுப்பு அடித்திருந்தார்கள். சுற்றிலும் நல்ல தகடு வரும்வரை வெட்டிப் பார்த்தபோது உள்ளங்கை இரண்டை விரித்து வைக்கும் அளவுக்கு ஓட்டை. சீட் போல்ட் ஒன்று அங்கிருந்து நாலு விரல் தூரத்தில் இருக்கிறது.

ஓட்டையை அடைப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்த்தாக வேண்டும். பார்க்காமல் அடைத்தால் அடுத்த மழையில் புதுத் தகடும் போய்விடும். தண்ணீர்க் குழாயை எடுத்து முன் கண்ணாடியின் மேல் பிடித்தேன். ஒயிப்பருக்குக் கீழே இருக்கும் குழிவில் விழும் தண்ணீர் இரண்டு பக்கமும் வடிந்து கீழே போக வேண்டும். வலது பக்கம் போகவில்லை. நிரம்பி, உள்ளே இறங்கியது. மூடியைக் கழற்றினால் வடிகால் வாயில் மக்கிப்போன புங்க இலையும் பூவும், உரம் மாதிரி, ஒரு கைப்பிடி. ஸ்டாண்டில் அவர் வண்டி நிற்பது ஒரு பெரிய புங்க மரத்தடியில். வெயிலுக்கு அதைவிட நல்ல நிழல் கிடையாது. நிழலை விடச் சொல்லவில்லை. வாரம் ஒருமுறை பானெட்டைத் தூக்கி அந்த இலையை எடுத்துவிடச் சொன்னேன்.

வெல்டிங் நாளில் சீட், கார்ப்பெட் எல்லாம் வெளியே. பேட்டரி வயரைக் கழற்றி வைத்தோம். அந்தப் பக்கம் போகும் டீசல் பைப்பை விலக்கிக் கட்டி, ஈரச் சாக்கும் வாளித் தண்ணீரும் பக்கத்தில் வைத்துக்கொண்டோம். 18 கேஜ் தகட்டை வெட்டி, ஓரம் முழுக்கத் தொடர்ச்சியாகப் பற்றவைத்து, இரண்டு பக்கமும் ரெட் ஆக்சைடு அடித்து, காய்ந்தபின் அண்டர்கோட். அங்கங்கே நாலு புள்ளி வைத்துவிட்டு மீதியைப் பட்டியால் நிரப்பும் வேலையைச் செய்ய மாட்டேன் என்று டிங்கர் அண்ணனே சொன்னார். அவர் வேலையில் எனக்குப் பிடித்தது அது.

மற்றவை

ஸ்டீயரிங்கும் முன் சக்கரமும் சீக்கிரம் முடிந்தது. தூக்கி நிறுத்திய டயரை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டினால் டை ராட் எண்ட் ஆட்டம் தெரியும். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினால் பால் ஜாயின்ட்டும் பேரிங்கும். இரண்டு பக்க லோயர் ஆர்மும் மாற்றினோம், டை ராட் எண்ட் இரண்டும் மாற்றினோம், அப்புறம் அலைன்மென்ட். முன்னால் கிடந்த டயர் இரண்டின் உள் ஓரம் மொட்டையாகியிருந்தது. டயர் பட்டனின், அதாவது காடியின், ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது; டயரின் காடிக்குள்ளேயே அந்த அளவுக்கு ஒரு சின்ன மேடு வைத்திருப்பார்கள், அதைத் தொட்டுவிட்டால் டயர் முடிந்தது. வெளி ஓரத்தை மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாது. புது டயர் இரண்டு.

லைட்டில் ஒரு வேடிக்கை இருந்தது. பிரேக்கை மிதித்தால் இடது இண்டிகேட்டர் மங்கலாக எரிந்தது. பல்பு பல்பாக மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். ஒரு விளக்கைப் போட்டால் இன்னொன்று சேர்ந்து எரிகிறது என்றால் பெரும்பாலும் எர்த் கோளாறு. மின்சாரம் திரும்பிப் போக வழி கிடைக்காமல் பக்கத்து பல்பு வழியாகப் போகிறது. டெயில் லேம்ப்பின் எர்த் வயர் முனையைச் சுரண்டித் துரு நீக்கிப் போட்டதும் சரியானது. பொருள் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை. ஹெட்லைட்டில் யாரோ கண்ணைக் குத்தும் வெள்ளை எல்.இ.டி. மாட்டியிருந்தார்கள், கழற்றிவிட்டு, வண்டியோடு வந்த 60/55 வாட் பல்பையே போட்டு, சுவருக்கு 25 அடி தள்ளி நிறுத்தி ஒளி விழும் உயரத்தை இரண்டு பக்கமும் சமமாக வைத்தோம். எதிரே வருகிறவர் கண் தெரிந்தால்தான் நமக்கும் உயிர்.

புகை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்த வண்டி பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் என்னும் அரசின் புகை அளவு விதி) காலத்து டீசல். நிறுத்தி வைத்த நிலையில் ஆக்சிலேட்டரை முழுக்க அமுக்கிச் சோதிக்கும்போது புகையின் அடர்த்தி 65 எச்.எஸ்.யு.வுக்கு (புகையின் அடர்த்தியை அளக்கும் அலகு) மேல் போகக் கூடாது. பி.எஸ். 4 டீசலுக்கு அது 50. முதலில் பார்த்தபோது எங்களுக்கு வந்தது 78. ஏர் ஃபில்ட்டரை மாற்றியதும் 71. மேலும் இறங்கவில்லை. நாசில் நாலையும் கழற்றிப் பம்ப் கடைக்குக் கொண்டுபோனேன். கை பம்ப்பில் மாட்டி அழுத்தினால் நல்ல நாசில் மூடுபனி மாதிரி டீசலைத் தூவி, டக்கென்று நிறுத்தும். இரண்டு நாசில் அப்படித் தூவின. மூன்றாவது கோடாகப் பீய்ச்சியது. நாலாவது அழுத்தத்தை விட்ட பிறகும் நுனியில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு நின்றது. அந்தச் சொட்டுதான் கறுப்புப் புகை. சரியாகத் தூவப்படாத டீசல் முழுக்க எரியாமல் கரியாக வெளியே வருகிறது. நாலும் புதிது போட்டோம். அடியில் வாஷரும் புதிது. 43-க்கு வந்தது.

புகைச் சான்று எடுக்கப் போகும் எல்லோருக்கும் ஒரு வார்த்தை. குளிர்ந்த இன்ஜினோடு போகாதீர்கள். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டி, ஆயில் நன்றாகச் சூடேறிய பிறகு சோதனைக்கு நில்லுங்கள். ஆயில் குறைந்தது 60 டிகிரி இருக்க வேண்டும் என்பது சோதனையின் முறையிலேயே உள்ளது. பம்ப்பில் டீசலைக் குறைத்து வைத்துப் புகைச் சான்று வாங்கிவிட்டு, மறுநாள் திருப்பி ஏற்றிக்கொள்ளும் பழக்கமும் உண்டு. அந்த வண்டி அதன்பிறகு விடும் கரியை ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரரும், பள்ளிக்கூடம் விட்டு நடந்துபோகும் பிள்ளைகளும்தான் சுவாசிக்கிறார்கள்.

பெயின்ட்டும் கணக்கும்

அக்டோபர் கடைசியில்தான் பெயின்ட்டுக்கு வந்தோம். முழு வண்டிக்கும் அடிக்கவில்லை. கதவுக் கீழ் ஓரம், ரன்னிங் போர்டு, முன் பம்பர் மூலை, அவ்வளவே. போன வருஷம் முழு பெயின்ட்டுக்கு மட்டும் 18,000 ரூபாய் கொடுத்திருந்தார்.

இந்த வருஷம் எல்லாம் சேர்த்து 33,250 ஆனது. அவருக்குப் பெரிய தொகை. இரண்டு தவணையாக வாங்கிக்கொண்டேன். பிரேக்குக்கான பொருளும் கடைசல் கூலியும் மொத்தம் எவ்வளவு தெரியுமா? சிலிண்டர் இரண்டு 1,200, ஷூ செட் 1,100, டிரம் கடைந்த கூலி 600, ஆயில் 250, கேபிள் 900. கூட்டினால் 4,050. உயிரைக் காப்பாற்றுகிற பாகங்களின் விலை இந்த வண்டியின் டச் பெயின்ட்டைவிட 450 ரூபாய் குறைவு. டயர் இரண்டுக்கு 6,600-ம், தரைத் தகட்டு வேலைக்கு 6,000-மும் போனதுதான் பெரிது. முன்கூட்டியே அந்த வடிகாலைச் சுத்தம் செய்திருந்தால் அந்த 6,000 ரூபாய் மிச்சம்.

காகித வேலையை அவர் மகள் பார்த்துக்கொண்டாள். அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பம், கட்டணம், நாள் குறிப்பது எல்லாம் போனிலேயே முடிந்தது. இன்சூரன்ஸ், வரி, பெர்மிட் மூன்றும் நடப்பில் இருந்தன. பழைய இ-சலான் ஒன்று நிலுவையில் இருந்ததை முதல் வாரத்திலேயே கட்டச் சொல்லியிருந்தேன். வண்டி வேலை முடிந்தபிறகு இந்த மாதிரி ஒன்று முளைத்து நிற்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

காட்டப் போன நாள்

நவம்பர் முதல் வாரம். முந்தைய நாள் வாட்டர் சர்வீஸ் விட்டு, முதலுதவிப் பெட்டி, முக்கோணம், ஸ்டெப்னி, ஜாக்கி எல்லாம் பார்த்து வைத்தோம். நானும் கூடப் போனேன்.

எங்கள் ஊர்ப் பக்கம் மோட்டார் வாகன ஆய்வாளரை இன்றைக்கும் 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள் என்று நான் நினைப்பதுண்டு. மைதானத்தில் ஓட்டி, நிறுத்தச் சொன்னார். வண்டி நேராக நின்றது. ஹாரன், ஒயிப்பர், விளக்கு, ஸ்டீயரிங் எல்லாம் பார்த்தார். கீழே குனிந்து டிரைவர் பக்கத்துத் தரையை டார்ச் அடித்துப் பார்த்தார். புது வெல்டிங்கைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு அது போதும்.

பிறகு சேஸிஸ் நம்பருக்குப் பென்சில் அச்சு. நம்பரின் மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் ஒவ்வொரு எழுத்தும் வெள்ளையாக எழுந்து வர வேண்டும். தேய்த்தேன். முதல் பாதி தெளிவாக வந்தது. கடைசி நாலு எண் வரவில்லை. மங்கலான ஒரு பட்டைதான் வந்தது. போன வருஷத்து முழு பெயின்ட்டில் அந்த இடத்தின் மேல் பிரைமரும் பெயின்ட்டும் கனமாக ஏறி, கொத்திய பள்ளம் மூடிக்கொண்டிருந்தது. ஒரு மாதமாகத் தட்டித் தட்டிப் பார்த்த வண்டியில் நான் இந்த இடத்தைப் பார்க்கவில்லை. அது என் தவறு. முதல் நாளே அச்சு எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இப்போது என் பட்டறையில் எஃப்.சி.க்கு வரும் எந்த வண்டிக்கும் அதுதான் முதல் வேலை.

"சுத்தம் பண்ணிட்டுக் காட்டுங்க" என்று ஆய்வாளர் நேரம் கொடுத்தார். கூட நின்ற ஒருவர் எமரித் தாளை நீட்டினார். வாங்கவில்லை. சேஸிஸ் நம்பரை எமரியால் தேய்த்தால் தகட்டில் கீறல் விழும். கீறல் விழுந்த நம்பர் திருத்தப்பட்ட நம்பர் போலத் தெரியும். அந்தச் சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் வண்டி எஃப்.சி. விவகாரத்தைத் தாண்டிப் போலீஸ் விவகாரமாகிவிடும். பக்கத்துக் கடையில் தின்னர் வாங்கி, பஞ்சில் நனைத்து அந்த இடத்தின் மேல் கொஞ்ச நேரம் வைத்து, பெயின்ட் இளகியதும் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்து எடுத்தோம். முக்கால் மணி நேரம் ஆனது. புதுத் தாளை வைத்துத் தேய்த்தபோது கடைசி நாலு எண்ணும் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. அண்ணன் பக்கத்தில் நின்று அந்த எண்ணை வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே பாஸ்.

இனி வரும் வருஷங்களில் இது இன்னும் கடுமையாகும். தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கான விதிகளை 2021-ல் மத்திய அரசு அறிவித்தது. அங்கே உருளையின் மேல் சக்கரத்தை ஏற்றி, இடது பக்கம் எவ்வளவு பிடிக்கிறது, வலது பக்கம் எவ்வளவு பிடிக்கிறது என்று மெஷின் தனித்தனியாக அளந்து சொல்லிவிடும். பெயின்ட்டின் பளபளப்பை அது பார்க்காது. இந்த இண்டிகா போன வருஷம் அப்படி ஒரு உருளையில் ஏறியிருந்தால் பின் வலது டிரம் அன்றைக்கே மாட்டியிருக்கும். அதனால் எனக்கு அந்த மெஷின்மேல் வருத்தம் ஒன்றும் இல்லை.

மார்கழி நடுவில் அண்ணன் வண்டியைக் கொண்டுவந்தார். இடைப்பட்ட நாளில் பதினொரு முறை மலை ஏறி இறங்கியிருந்தார். பிரேக் ஆயில் டப்பாவில் நான் மார்க்கரால் போட்ட கோட்டிலேயே மட்டம் நின்றது. பின் வலது சக்கரத்தைக் கழற்றி டிரம்மை எடுத்தேன். காய்ந்த தூசி. ரப்பர் உறையை விரலால் லேசாக விலக்கிப் பார்த்தேன், ஈரம் இல்லை; லைனர் முழு அகலத்துக்கும் சமமாகப் பிடித்திருந்தது. பானெட்டைத் தூக்கினால் ஒயிப்பர் குழிவில் இலை ஒன்றுகூட இல்லை. சக்கரத்தை மாட்டி போல்ட்டை முறுக்கிக்கொண்டிருக்கும்போதே அவருக்கு ஸ்டாண்டிலிருந்து போன் வந்துவிட்டது. ஈரோட்டிலிருந்து வந்த சாமிகள் நாலு பேர், கொடைக்கானல் போக வேண்டுமாம்.

"வரட்டுமா தம்பி" என்று சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.